ஆட்டோகோரிலேட்டரில் 15 ஃபெம்டோ செகண்ட், ஆனால் கொலாஜன் சிக்னல் மங்கல்: உதவி தேவை

கேள்வி:
சாயம் ஏற்றாத தசைநாண் சீவலில் கொலாஜனை (நார்ப் புரதம்) எஸ்ஹெச்ஜி முறையில், அதாவது லேசர் ஒளி திசுவில் பாதி அலைநீள ஒளியாக மாறுவதை வைத்து, மைக்ரோஸ்கோப்பில் படமெடுக்கிறேன். 800 நானோமீட்டர் டைட்டானியம் சஃபையர் லேசர், 128 பிக்சல் எஸ்எல்எம் (ஒவ்வொரு நிறத்தின் ஃபேஸையும், அதாவது அலைக் கட்டத்தையும், தனித்தனியாக மாற்றும் திரை) வைத்த பல்ஸ் ஷேப்பர். பல்ஸ் 15 ஃபெம்டோ செகண்ட் (ஒரு ஃபெம்டோ செகண்ட் 10⁻¹⁵ செகண்ட்) என்று பல்ஸின் கால நீளத்தை அளக்கும் ஆட்டோகோரிலேட்டர் காட்டுகிறது. ஆனால் 400 நானோமீட்டரில் கிடைக்கும் சிக்னல் பழைய 100 ஃபெம்டோ செகண்ட் லேசரில் வந்ததைவிடக் குறைவு. சராசரி பவர் ஒன்றுதான், ஆகவே குறுகிய பல்ஸில் உச்ச செறிவும் சிக்னலும் கூடவேண்டும். அலைன்மென்ட்டை மூன்று முறை பார்த்துவிட்டேன், நிஜமாகவே புரியவில்லை.

பதில் 1:
ஆட்டோகோரிலேட்டர் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால்தானே இருக்கிறது? அப்படியென்றால் சிக்கல் அங்கேதான். அப்ஜெக்டிவ், ஸ்கேன் லென்ஸ், மாடுலேட்டர் எல்லாம் சேர்ந்து 5000 சதுர ஃபெம்டோ செகண்ட் டிஸ்பெர்ஷன் (நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் பல்ஸ் நீள்வது) தருவதாக வையுங்கள். 15 ஃபெம்டோ செகண்ட் பல்ஸ் சாம்பிளுக்குப் போகும்போது 900-ஐத் தாண்டிவிடும். அதே கண்ணாடி 100-ஐ சுமார் 170 ஆகத்தான் நீட்டும். அதனால்தான் பழைய லேசர் முந்துகிறது. சாம்பிள் இடத்தில் மெல்லிய பிபிஓ படிகம் (இதுவும் எஸ்ஹெச்ஜி ஒளி தரும்) வைத்து, எம்ஐஐபிஎஸ் என்ற ஃபேஸ் அளவீட்டு முறையில் டிஸ்பெர்ஷனை அளந்து பாருங்கள். ஷேப்பரிலேயே சைன் வடிவ ஃபேஸை நகர்த்திக்கொண்டு எஸ்ஹெச்ஜி ஸ்பெக்ட்ரத்தைப் பதிவு செய்தால் போதும்.

கேட்டவர்:
அளந்தேன், கிட்டத்தட்ட 5000 வந்தது! எதிர்க்குறியில் அதை எஸ்எல்எம்மில் போட்டதும் சிக்னல் ஏறியது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. எஸ்ஹெச்ஜி ஸ்பெக்ட்ரத்தின் இரு ஓரமும் காணோம்.

பதில் 2:
இது பிக்சல் போதாத பிரச்சினை. உங்கள் ஸ்பெக்ட்ரம் எஸ்எல்எம்மில் எவ்வளவு அகலம்? 150 நானோமீட்டர் என்றால் ஒரு பிக்சலுக்கு 1.2 நானோமீட்டர் வரும். ஓரத்தில் அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையே ஃபேஸ் 3.8 ரேடியன் குதிக்க வேண்டும். π-ஐ (சுமார் 3.14 ரேடியன்) தாண்டிய குதிப்பை எஸ்எல்எம்மால் சரியாகக் காட்ட முடியாது, அந்த ஒளி தவறான நேரத்துக்குச் சிதறிப் போகிறது. பெரும்பகுதி டிஸ்பெர்ஷனை ப்ரிசம் ஜோடியிடமோ சர்ப்டு மிரர்களிடமோ (டிஸ்பெர்ஷனை ஈடுசெய்யும் பிரதிபலிப்பு ஆடிகள்) விடுங்கள். ப்ரிசம் விட்டுவைக்கும் மூன்றாம் வரிசைப் பிழையை (டிஸ்பெர்ஷனுக்கு அடுத்த படியிலுள்ள ஃபேஸ் பிழை) மட்டும் எஸ்எல்எம் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வேலைக்குத்தான் அது அருமையான கருவி.

கேட்டவர்:
150 தான். ப்ரிசம் ஜோடி வைத்து மறுபடி அளந்தேன். ஓரங்கள் திரும்பி வந்துவிட்டன, நார்களின் அலைவளைவு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1:
மகிழ்ச்சி. இப்போது பவரைக் குறைத்துவிடுங்கள், உச்ச செறிவு பல மடங்கு ஏறியிருக்கும், திசு கருகலாம். அப்புறம், அப்ஜெக்டிவை மாற்றினால் திரும்ப அளக்க மறக்காதீர்கள்.