புதுப்பிப்பு: கனடாப் போனில வைபை பெயர் தெரியாத பிரச்சினை தீர்ந்தது

போன கிழமை கேட்டிருந்தன்: மாமா கனடாவில இருந்து அனுப்பின பழைய போனில எங்கட கிளிநொச்சி வீட்டு வைபை பெயரே வருகுதில்லை, மற்றப் போன்களுக்கெல்லாம் வருது எண்டு. பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

முழுசா ரீசெட் அடிச்சுப் பாத்தன், ஒண்டும் நடக்கேல்லை. மாமான்ர படங்கள் அழிஞ்சதுதான் மிச்சம். வேலை செய்தது, "ரவுட்டர் எந்தச் சனலில நிக்குது எண்டு பாருங்கோ" எண்டு ஒரு அண்ணா சொன்னது (சனல் எண்டால் வைபை அலைவரிசைக்குள்ள இருக்கிற இலக்கமிட்ட பிரிவு). அது தானா 13ஆம் சனலில நிண்டிருக்கு. வட அமெரிக்காவுக்கெண்டு செய்த போன்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபை அலைவரிசையில பெரும்பாலும் 11 வரைக்கும்தான் தேடும். தம்பியின்ர போன் பிரவுசரில ரவுட்டரின்ர முகவரி 192.168.1.1 அடிச்சு, ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருந்த பாஸ்வேர்ட்டைக் குடுத்து உள்ள போய், சனலை ஆட்டோவில இருந்து 6க்கு மாத்தினன். உடன பெயர் வந்திட்டுது.

எதிர்பாராதது ஒண்டு: இணைஞ்ச பிறகும் பக்கங்கள் திறக்கேல்லை, இணைப்பு பாதுகாப்பில்லை எண்டே சொல்லிச்சுது. பாத்தால் போனில ஆண்டு 2015! கனநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த போன். திகதி பிழையெண்டால் தளங்களின்ர பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது எண்டு போன் நினைக்கும். திகதியைச் சரியாக்கினதோட எல்லாம் திறந்தது.

இப்ப முற்றத்து மாமரத்தடி வரைக்கும் எடுக்குது. தகரம் அடிச்ச குசினிக்குள்ளதான் இன்னும் இல்லை.