வால்பாறை இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது – கியரில் பிடித்து இறக்கினால் இன்ஜின் கெடுமா?

பொள்ளாச்சி_தென்னை:

வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை போய்விட்டு வந்தோம். கார் 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல், பழைய வண்டியாக வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது பாதி தூரம் மூன்றாவது கியர், நேராக இருக்கிற இடத்தில் எல்லாம் நியூட்ரல், பிரேக்கில் இருந்து காலை எடுக்காமலே வந்தேன். மேலே 40-வது கொண்டை ஊசி வளைவில் இருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டே வந்த பையன் "பதினொண்ணு" என்று கத்திய நேரத்தில் கருகிய வாடை வந்தது. ஒன்பதாவது வளைவுக்கு வருவதற்குள் பெடல் எப்போதும் நிற்கிற இடத்தைத் தாண்டி உள்ளே போகிறது, இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்த பிறகுதான் பிடித்தது. அங்கே வியூ பாயிண்டில் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். கீழே ஆழியாறு அணை தெரிகிறது, எனக்குக் கால் நடுங்குகிறது.

மாமனார் முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர். கியரில் இறக்கினால் இன்ஜின் அலறும், பெட்ரோலும் குடிக்கும், நியூட்ரல்தான் மிச்சம் என்கிறார். பெரியவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு விவரம் பத்தவில்லை. இன்ஜின் எப்படித்தான் வண்டியைப் பிடிக்கிறது, யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

பட்டறை_கோவை:

தம்பி, முதலில் அந்த பிரேக் ஆயிலை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பெடல் பஞ்சு மாதிரி போனது என்றால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140-க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, 155. பழைய வண்டி வாங்கினவர்கள் இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கிற கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட விட்ட அளவு சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மிச்சத்தை எல்லாம் உங்கள் பிரேக் டிஸ்க்கின் தலையில் கட்டினீர்கள், அது தாங்கவில்லை.

கியரில் இருந்தால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் காற்று போகிற வழியில் இருக்கிற திராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கப் பார்க்கும், காற்று கிடைக்காது. ஊசி போடுகிற சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள், அந்த இழுவைதான். 2,500 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது, நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 5,000 தடவை இது நடக்கிறது, கூடவே பிஸ்டன், பேரிங், பம்பு எல்லாவற்றின் உராய்வும் இருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அமுக்குவதுதான் பிடிக்கிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், ஆனால் அமுக்கின காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும் என்பதால் அதில் நிகரமாக நிற்பது கொஞ்சம்தான்.

பெட்ரோல் விஷயத்தில் மாமா சொல்வது கார்புரேட்டர் காலத்துக்குச் சரி. இன்ஜெக்டர் வண்டியில் கால் எடுத்து ஆர்பிஎம் மேலே இருந்தால் இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், ஐடிலுக்கு (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுகிற வேகம்) பக்கத்தில் வந்தால்தான் மறுபடி விடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஐடில் ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். ஆக நியூட்ரல்தான் செலவு. அலறுகிற சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிற வரைக்கும் அது இன்ஜினுக்குச் சாதாரண வேலை. அதன் சூட்டை எடுக்க ரேடியேட்டரும் ஆயிலும் இருக்கிறது, பிரேக்குக்கு வீசுகிற காற்றை விட்டால் வேறு ஏது?

திம்பம்_27:

லாரியில் சத்தியமங்கலம் – சாம்ராஜ்நகர் பதினெட்டு வருடம் ஓட்டியவன் நான். ஏறின கியரில் இறங்கு என்று கிளீனராக இருந்தபோதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அதுவும் வளைவுக்கு முன்னாலேயே கியரைப் போட்டுவிட வேண்டும், இறக்கத்தில் வேகம் எடுத்த பிறகு தேடினால் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் லோடு வண்டியைக் கடவுள்தான் நிறுத்த வேண்டும்.

டீசலுக்கு ஒரு வார்த்தை. டீசல் இன்ஜின் காற்றை மூடி ஓடுவதில்லை, அதனால் பட்டறைக்காரர் சொன்ன இழுவை அதில் குறைவு. அதற்காகத்தான் லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருக்கிறார்கள், புகை போகிற குழாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும், இன்ஜின் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வேகம் குறையும். டீசல் கார்காரர்கள் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டி வரலாம்.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். பிரேக் சூடேறிய வண்டியை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

ஈரோடு_மஞ்சள்:

ஒரு மாற்றுக் கருத்து. கியரை மாற்றி மாற்றி வேகத்தைக் குறைத்தால் கிளட்ச் தேயும். பிரேக் பேடு மாற்றுவதற்கும் கிளட்ச் செட் மாற்றுவதற்கும் செலவு எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். டவுனில் ஒவ்வொரு சிக்னலுக்கும் நாலு, மூணு, ரெண்டு என்று இறக்கிக்கொண்டே நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை, அங்கே பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும்.

பட்டறை_கோவை:

ஈரோடு சொல்வது டவுனுக்கு ரொம்பச் சரி. மலையில் கியரை ஒரு தடவை போட்டுவிட்டு அப்படியே வருகிறோம், கிளட்ச் முழுசாக ஒட்டியிருக்கும்போது தேய்வதற்கு ஒன்றும் இல்லை. கிளட்சில் கால் வைத்துக்கொண்டே இறங்குவதுதான் கெடுதல், முழுசாக மிதித்தால் நியூட்ரல் மாதிரிதான், இன்ஜின் பிடிக்காது.

தம்பிக்கு இன்னும் ஒன்று. முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கியரை இறக்குங்கள். கிளட்ச் மிதித்திருக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு கிளட்சை விட்டால் வண்டி குலுங்காது. 80-ல் போகும்போது தவறி முதல் கியருக்குப் போய்விட்டால் மட்டும் ஆபத்து. இன்ஜின் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கிற ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும், சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதை அதால் நிறுத்த முடியாது, வால்வு வளைந்த இன்ஜினை இந்தக் கையால் பிரித்திருக்கிறேன். அப்புறம், இன்ஜினில் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

பொள்ளாச்சி_தென்னை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆயில் மாற்றினேன், பழசு கடுங்காப்பி நிறத்தில் வந்தது. நேற்று மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்து மறுபடி வால்பாறை போனோம். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், முப்பது முப்பத்தைந்து வேகம், வளைவுக்கு முன்னால் மட்டும் நன்றாக ஒரு மிதி மிதித்து உடனே காலை எடுத்துவிட்டேன். வாடை இல்லை, பெடல் கல் மாதிரி நின்றது. கால் எடுத்ததும் மைலேஜ் காட்டுகிற கோடு உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றதை மாமா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தார். குரங்கு அருவிக்கு மேலே வரும்போது, "நியூட்ரல்ல ஒரு தடவை போடு பார்க்கலாம்" என்றார். சமமான இடத்தில் மெதுவாகப் போகும்போது போட்டுக் காட்டினேன், கோடு சரசரவென்று கீழே இறங்கியது. "சரி, ரெண்டுலயே போ" என்றுவிட்டார்.