புதுப்பிப்பு: தென் பிரான்சின் கனால் டு மிடி கால்வாயில் லாக்குக்குள் படகு ஆடுவது பற்றி

கார்கசோனிலிருந்து காஸ்டல்னோடாரி வரை வாடகைப் படகில் போகிறோம், மேலேறும் லாக்குகளில் (படகை உள்ளே நிறுத்தி, தண்ணீர் நிரப்பி மேல்மட்டத்துக்கு ஏற்றும் கதவு வைத்த தொட்டிகள்) படகை எப்படி நிலையாகப் பிடிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாயிற்று.

பலித்தது இரண்டாவது பதிலில் இருந்த யோசனைதான். லாக்குக்கு முன்பே ஒருவரைக் கரையில் இறக்கிவிட்டோம். அவர் மேலே நின்று கயிற்றை வாங்கி இரும்புக் குமிழில் சுற்றி, நுனியைப் படகுக்கே திருப்பி வீசினார். முடிச்சே போடவில்லை; தண்ணீர் ஏற ஏற இழுத்துக்கொண்டே இருந்தோம். முன்கயிறுதான் முக்கியம், தண்ணீர் எதிரிலிருந்துதான் பாய்கிறது. முட்டை வடிவச் சுவரில் படகு ஒட்டி நிற்காது, அதனால் ரப்பர் தடுப்புகளை மட்டும் நம்ப வேண்டாம்.

எதிர்பாராதது: மதியச் சாப்பாட்டுக்கு லாக்கையே மூடிவிடுகிறார்கள்! அப்புறம், நிழல் தரும் பிளேன் மரங்கள் பல இடங்களில் இல்லை. 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் வெட்டிவிட்டார்களாம். தொப்பி அவசியம்.