மறு: கோல்ட் பிரஷருக்குத் தமிழ் – ‘ஆறிய அழுத்தம்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாம் தமிழில் எழுதும் பிக்கப் ஓட்டுநர் கையேட்டின் டயர் பக்கம் இன்னும் முடியவில்லை. டயர் சூடேறாத நிலையில் இருக்க வேண்டிய காற்றின் அளவைச் சொல்லும் ‘கோல்ட் இன்ஃப்ளேஷன் பிரஷர்’ (cold inflation pressure) என்பதற்குத் தமிழ்ச் சொல் முடிவாகாததால் இந்த நீண்ட மடல். குழுவில் வந்த யோசனைகளை மேற்கோளாகக் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ‘கோல்ட் இன்ஃப்ளேஷன் பிரஷர்’ என்பதை ‘குளிர் ஊதழுத்தம்’ என்று
> முடித்துவிடலாம். மூன்று சொல்லுக்கும் தமிழ் கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டது, சரி. ஆனால் இந்தக் கையேட்டை வாங்கப்போகிறவர் கோயம்பேட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றும் குட்டியானை ஓட்டுநர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் நிற்கிற வண்டிக்குக் ‘குளிர் அழுத்தம்’ பார் என்று எழுதினால், இது ஊட்டிக்காரர்களுக்கு எழுதியது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் அந்தக் கருத்தில் குளிரே கிடையாது. டயர்க்காரர்கள், அதாவது டயர் தயாரிக்கிறவர்கள், கேட்பது இவ்வளவுதான்: வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அந்த நிலையில் டயருக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றின் சூட்டிலேயே இருக்கும். வெளியே அது பூஜ்யமாகவும் இருக்கலாம், மணலியில் மதியம் 38 ஆகவும் இருக்கலாம். அவர்கள் கணக்கில் இரண்டுமே ‘கோல்ட்’தான். வெயில் நேராக விழும் பக்கத்து டயர் மட்டும் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் நிழலில் பார்ப்பது நல்லது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சொல் புரியாததால் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. பின் டயரில் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) வைக்க வேண்டிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். காலையில் 60 வைத்துக் கிளம்புகிறார். சுமையோடு ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை போகும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது, அதில் சூடு பிறக்கிறது. உள்காற்று 25 டிகிரி கூடினாலே அளவி (காற்று பார்க்கும் கேஜ்) 66 காட்டும். (அளவி காட்டும் எண்ணோடு வளிமண்டலத்தின் 14.7-ஐயும் கூட்டிக் கணக்குப் போட்டால் இது சரியாக வரும்.) வழியில் பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கிறார்கள். “காத்து ஜாஸ்தியா இருக்குண்ணே” என்று 6 பவுண்டு இறக்கிவிடுகிறார்கள். அளவியில் 60. எல்லோருக்கும் திருப்தி.

அந்த டயர் இரவெல்லாம் நின்று ஆறியபின் பார்த்தால் 54 சொச்சம்தான் இருக்கும். மறுநாள் அதே சுமை. காற்று குறைவு என்பதால் பக்கச்சுவர் இன்னும் மடங்கும், இன்னும் சூடேறும், அளவி மறுபடி கூட்டிக் காட்டும், மறுபடி யாராவது இறக்குவார்கள். டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) அப்படியே இருக்கிற வண்டிகளைப் புதுப்பேட்டைப் பக்கம் யாரும் பார்க்கலாம். வெடிப்பதில் போய் முடிவதும் உண்டு. ஓட்டத்தில் ஏறிய காற்றை இறக்கக் கூடாது என்பது டயர்க்காரர்களின் கணக்கிலேயே அடங்கியது. அவர்கள் சொல்லும் எண், ஓடும்போது ஏறும் என்று தெரிந்தே குறித்த எண்.

ஆகவே நம் சொல் ‘எவ்வளவு’ என்பதை விட ‘எப்போது பார்த்தது’ என்பதைச் சொல்ல வேண்டும். ரத்தச் சர்க்கரையை வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்டபின் எடுத்ததா என்று கேட்காமல் எந்த மருத்துவரும் எண்ணைப் பார்ப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

> ‘காலை அழுத்தம்’ என்று வைத்தால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

இதை முதலில் படித்தபோது எனக்கும் பிடித்தது. ஆனால் கோயம்பேடு, காசிமேடு வண்டிகளுக்கு ஒத்துவராது. அவர்கள் ராத்திரி முழுக்க ஓடி விடிந்தபின் நிறுத்துகிறவர்கள். அவர்களுடைய டயர் காலை ஏழு மணிக்குத்தான் நன்றாகச் சூடாக இருக்கும். சரியான நேரம் சாயங்காலம்.

குழுவில் வந்த மற்ற யோசனைகளில் ‘தண்ணழுத்தம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தண்ணீர்க் குழாய் ஞாபகம்தான் வருகிறது. ‘தொடக்க அழுத்தம்’ பள்ளி இயற்பியலில் வேறு வேலையில் இருக்கிறது. ‘ஓடாநிலை அழுத்தம்’ கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு டீக்கடையில் ஐந்து நிமிடம் நிற்கிற வண்டியும் ஓடாத வண்டிதானே?

என் முன்மொழிவு: ‘ஆறிய அழுத்தம்’. எதிர்ச்சொல் ‘சூடேறிய அழுத்தம்’.

‘குளிர்வது’ வேறு, ‘ஆறுவது’ வேறு. சூடாக இருந்தது தானாகச் சூடு தணிந்து சுற்றுப்புறத்தோடு சமமாவதைத்தான் நாம் ஆறுவது என்கிறோம். காபி ஆறுகிறது, சோறு ஆறுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் அது குளிர்கிறது. டயர்க்காரர்கள் மூன்று மணி நேரம் என்று நீட்டி முழக்குவதை இந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது. நேரம் ஆக வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பஞ்சர் கடையில் “டயர் ஆறட்டும்ணே, அப்புறம் பாக்கலாம்” என்றால் விளக்கம் கேட்க ஆள் இருக்காது.

> ஆறுவது டயர்தானே, அழுத்தம் எப்படி ஆறும்? இலக்கணம் இடிக்கிறதே ஐயா.

இடிக்கவில்லை ஐயா. ‘படித்த பள்ளி’ என்கிறோம், பள்ளியா படித்தது? ‘தூங்கிய நேரம்’ என்கிறோம், நேரமா தூங்கியது? பெயரெச்சம் தனக்குப் பின்னால் வருவதை எழுவாயாகத்தான் கொள்ள வேண்டும் என்பதில்லை. டயர் ஆறியபோது உள்ள அழுத்தம் ஆறிய அழுத்தம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சுருக்குகிறேன் என்று யாரும் ‘ஆறழுத்தம்’, ‘ஆறுநிலை அழுத்தம்’ என்று போய்விட வேண்டாம். எண்ணிக்கை ஆறு என்று நினைத்து, மீதி ஐந்து எங்கே என்று தேடுவார்கள்.

‘ஊதழுத்த’த்தில் உள்ள ஊதலையும் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஊதுவது பலூனை. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத்தான் ஆரம்பித்தது, டயருக்குப் பிறகுதான் வந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தில்கூட டயரை யாரும் ஊதுவதில்லை, காற்று அடிக்கிறார்கள், காற்றுப் பிடிக்கிறார்கள். ‘காற்றழுத்தம்’ என்று முழுதாகச் சொல்லலாமா என்றால், ஐப்பசி வந்தால் சென்னையில் அந்தச் சொல் வங்கக் கடலுக்குப் போய்விடுகிறது. டயர்ப் பக்கத்தில் வெறும் ‘அழுத்தம்’ போதும். ‘அமுக்கம்’ என்று போடலாமா என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டதற்கு: இலங்கைப் பாடநூல்களின் ‘அமுக்கம்’ நல்ல சொல்தான், அங்கே பதிப்பு வந்தால் ‘ஆறிய அமுக்கம்’ என்று தாராளமாகப் போடலாம். உங்கள் ‘ரயர்’, எங்கள் ‘டயர்’ இரண்டும் அப்படியே இருக்கட்டும். டயருக்கே தமிழ் உருளிப்பட்டையா, வட்டகையா என்ற விவாதத்தை இந்த இழையில் திறக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, இன்னும் முக்கியமான குழப்பம். பிக்கப்புக்கு ஒரே ஒரு சரியான எண் கிடையாது. டயரின் பக்கச்சுவரில் 950 கிலோ, 450 கிலோபாஸ்கல் என்பது போல ஒன்று அச்சாகியிருக்கும். 450 கிலோபாஸ்கல் என்றால் 65 பி.எஸ்.ஐ. பலர் அதையே வண்டிக்கான அளவு என்று எடுத்து நான்கு டயரிலும் அடித்துவிடுகிறார்கள். அந்த டயர் தன் முழுச் சுமையைத் தூக்க எவ்வளவு காற்று வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. (டயரில் சுமைக் குறியீடு 106/104 என்று இருந்தால் ஒற்றைச் சக்கரத்தில் 950 கிலோ, இரட்டைச் சக்கரத்தில் ஒவ்வொன்றும் 900 கிலோ.) டயருக்கு வண்டி எது என்றே தெரியாது. அதனால் பக்கச்சுவர் எண்ணை ‘அதிகபட்ச அழுத்தம்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘முழுச்சுமை அழுத்தம்’ என்று எழுதலாம்.

ஓட்டுநர் பார்க்க வேண்டியது, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள எண். அதைச் ‘சீட்டு அழுத்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாதச் சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு அந்த அழுத்தம் வேறு! ‘வண்டி அழுத்தம்’ என்று வைப்போம். அதிலேயே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பல பிக்கப்களில் காலி வண்டிக்கு ஒன்று, லோடு ஏற்றினால் ஒன்று. எஞ்சின் எப்போதும் முன்னால் இருப்பதால் முன் டயரின் எண் அதிகம் மாறாது. பின் அச்சில்தான் எல்லா வித்தியாசமும். காலி வண்டியில் பின்னால் முழுச்சுமைக்கான காற்று இருந்தால் வண்டி குதிக்கும், டயரின் நடு மட்டும் தேயும், மழை ஈரத்தில் பிரேக் போட்டால் பின்பக்கம் இழுக்கும். காலிக்கான காற்றோடு லோடு ஏற்றினால் மேலே சொன்ன சூட்டுக் கதை.

இதற்கு ‘வெறுவண்டி அழுத்தம்’, ‘சுமைவண்டி அழுத்தம்’ என்ற இணை எனக்குச் சரியாகப் படுகிறது. விடிகாலையில் லோடோடு கிளம்பிப் பத்து மணிக்குக் காலியாகிற வண்டியில் தினம் இரண்டு தடவை யாரும் காற்றை மாற்றப்போவதில்லை. அவர் சுமைவண்டி அளவிலேயே வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொஞ்சம் குதிப்பதைப் பொறுத்துக்கொள்ளட்டும். எப்போதாவது வீடு மாற்றுகிறவர்களுக்கு ஓட்டுகிறவர் வெறுவண்டி அளவில் வைத்து, லோடுக்கு முன் ஏற்றிக்கொள்ளலாம். கையேட்டில் இதை இப்படியே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். பட்டியல் போட்டால் யாரும் படிப்பதில்லை.

மாதிரி வாக்கியம்: “லோடு ஏற்றும் முன், டயர் ஆறியிருக்கும்போது, பின் டயர்களில் சுமைவண்டி அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடியபின் எண் கூடியிருந்தால் காற்றை இறக்காதீர்கள்.”

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ‘பிளை ரேட்டிங்’குக்கு ‘அடுக்குத் தரம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இன்றைய ரேடியல் டயரில் 8 என்று போட்டிருந்தாலும் உள்ளே எட்டு அடுக்கு இருப்பதில்லை, அது வலிமையின் அளவு மட்டும். அதனால் ‘அடுக்கு’ என்பதை வைக்கலாமா, விட்டுவிடலாமா என்று டயர்க் கடை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து