விலை உயர்ந்த உணவு: ஒரே ஒரு முறை சாப்பிட்டவர்கள் எழுதுங்கள்

கோவைக்காரன்

நானே தொடங்கி வைக்கிறேன். இத்தாலியின் ஆல்பா வெள்ளை ட்ரஃபிள், மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளான். வேலை விஷயமாக நவம்பரில் டூரின் போயிருந்தபோது ஆல்பாவுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். மஞ்சள்கரு நிறத்தில் நூல் நூலாகப் பாஸ்தா வந்தது. வெண்ணெயைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. பிறகு பரிமாறுபவர் ஒரு கண்ணாடி மூடியைத் திறந்தார். உள்ளே சேப்பங்கிழங்கு போல ஒரு கட்டி. அந்த வாசனையை எப்படிச் சொல்வது? பாட்டி கட்டிப் பெருங்காயம் உடைக்கும்போது வருமே, அதோடு பூண்டும் மழை நனைத்த மண்ணும் சேர்ந்தது போல இருந்தது. கட்டியைச் சின்னத் தராசில் எடை பார்த்துக்கொண்டார்கள். சீவி முடித்ததும் மறுபடி எடை போட்டு, குறைந்த கிராமுக்குக் காசு. இதழ் இதழாக நாலைந்து சீவல் விழுந்ததுமே நான் கையை நீட்டி, போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம்தான் தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. எதிரில் இருந்தவர் பாஸ்தாவே தெரியாத அளவுக்குச் சீவச் சொன்னார். எட்டு வருடம் ஆகிறது. அந்தக் கையை இன்னும் கொஞ்சம் பொறுத்து நீட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

பழைய கப்பல்காரன்

ட்ரஃபிளாவது மணக்கிறது. நான் ஹாங்காங்கில் பறவைக் கூடு சாப்பிட்டேன், ஒரு வகைக் குருவி தன் எச்சிலால் கட்டுவது. கற்கண்டு போட்டு நீராவியில் வேகவைத்த கிண்ணம். ஜவ்வரிசிக் கஞ்சி போல வழுவழுவென்று இறங்கியது. இனிப்பைத் தவிர நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. பறவையின் எச்சிலுக்கு அவ்வளவு விலை கொடுப்பவர்கள் பெயருக்குத்தான் கொடுக்கிறார்கள். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை.

சித்தியவான் பெண்

இடம் இருக்கிறது ஐயா. மலேசியாவில் எங்கள் ஊரில் ஜன்னலே இல்லாத மாடிக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். குருவிகள் நுழைய மேலே ஒரு துவாரம், ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் குருவிச் சத்தம். ஆள் குடியிருக்கக் கட்டியவை அல்ல, கூட்டுக்காகக் கட்டியவை. அம்மா அப்படி ஒரு தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், பதினொரு வருடம் கூட்டிலிருந்து இறகு எடுத்தார். கூட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் பிரித்துப் போட்டு, விளக்குக்குக் கீழே இடுக்கியால் ஒவ்வொரு இறகாக எடுக்க வேண்டும். கண்ணிமை முடியைவிடச் சின்ன இறகுகள் அவை. அதிகம் ஒட்டியிருந்தால் ஒரே கூட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உலர்ந்தால் பத்து கிராம்கூடத் தேறாது.

அம்மா வேலையை விட்டு நின்ற அன்று தவுக்கேயின் மனைவி ஒரு கிண்ணம் வேகவைத்துக் கொடுத்தார். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் முறை. அம்மா உடனே சாப்பிடவில்லை. கரண்டியால் அள்ளி, வெளிச்சத்தில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறகு தேடினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பழைய கப்பல்காரன்

உங்கள் தாயாரின் உழைப்பைக் குறை சொல்லவில்லை அம்மா. ஆனால் உழைப்பு சுவையாகிவிடுமா? குஞ்சு இருக்கும்போதே கூட்டைப் பிடுங்குகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மடிப்பாக்கம் மாமி

இங்கே யாரும் குங்குமப்பூவைப் பற்றிப் பேசவில்லையே. மகள் உண்டாகியிருந்தபோது ஸ்ரீநகரில் ஒரு கடையில் இரண்டு கிராம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாலில் போட்டதும் கண் மூடித் திறப்பதற்குள் பால் சிவந்துவிட்டது. இழையை எடுத்துப் பார்த்தால் வெளுத்த நார். மகள் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல குங்குமப்பூ நிதானமாகத்தான் நிறம் விடும், அதுவும் பொன் மஞ்சளாக விடும். இழை வெகுநேரம் சிவப்பாகவே இருக்கும். ஒரு முனை ஊதுகுழல் போல விரிந்திருக்கும். நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும், இனித்தால் தொடாதீர்கள். காகிதத்தில் வைத்து அழுத்துங்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் எடைக்காகத் தடவியிருக்கிறார்கள். பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். வெதுவெதுப்பான பாலில் கால் மணி நேரம் ஊறட்டும், கொதிக்க விட்டால் மணம் போய்விடும். காஷ்மீர்ப் பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். ஈரான் பூ என்றால் போலி என்று நினைப்பது தவறு. உலகத்தில் விளைவதில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது, நல்ல தரமும் உண்டு. கர்ப்பிணிக்கு ஓரிரு இழைக்கு மேல் வேண்டாம், மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று வாங்குகிறவர்கள் அந்தக் காசுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

கப்பல்காரருக்கும் ஒன்று. காஷ்மீரில் பாம்போர் என்ற ஊரில் அக்டோபர் கடைசியில் விடியற்காலையில் பூப் பறிப்பார்கள். ஒரு பூவில் மூன்றே இழை. ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ என்பார்கள். அத்தனையும் கையால் பிரிப்பது. அதை எடை போட்டுத்தான் காசு வாங்குகிறார்கள். உழைப்புக்கு விலை இல்லை என்றால் வேறு எதற்கு விலை?

துபாய் சமையற்கட்டு

ஓட்டலில் காலை உணவுப் பிரிவில் இருந்தேன். விருந்துக்கு வந்த கேவியர், அதாவது ஸ்டர்ஜன் மீன் முட்டை, டப்பாவைத் தலைமைச் சமையல்காரர் என் முன்னால் திறந்தார். உலோகம் பட்டால் சுவை கெடும் என்று சிப்பிக் கரண்டி. என் கையை நீட்டச் சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மணிகளை வைத்தார். முதலில் முகர வேண்டும். மீன் வாடை வந்தால் பழையது. வாடையே இல்லை. என் தோலின் சூட்டில் மணிகள் லேசாகப் பளபளத்தன. வாயில் போட்டதும் நெத்திலிக் குழம்பின் எண்ணெய் போல ஏதோ ஒன்று, அதைவிட மெல்லியதாக. கையைக் கழுவ மனம் வராமல் அன்று முழுக்கக் கையுறை போட்டு வேலை செய்தேன்.

சித்தியவான் பெண்

கப்பல்காரர் ஐயாவுக்கு: அம்மா வேலை செய்த இடத்தில் குஞ்சு பறந்த பிறகுதான் கூட்டை எடுப்பார்கள். முட்டையோடு எடுத்தால் குருவி அந்தக் கட்டடத்துக்குத் திரும்ப வராது என்று தவுக்கே பயப்படுவார். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சுவை கிடையாது என்று நீங்கள் சொன்னதும் சரிதான், அம்மாவும் அதையேதான் சொன்னார்.

கோவைக்காரன்

இறகு கிடைத்ததா?

சித்தியவான் பெண்

இல்லை. கடைசிக் கரண்டி வரை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அதற்குள் ஆறிப்போயிருந்தது.