கியாந்தியில் செப்டம்பர் கடைசி: பரணில் வைக்கும் ஒயினைப் பார்க்க முடியுமா?

கோவைப்பயணி:
வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் ஃப்ளோரன்ஸ் வருகிறோம். இரண்டு நாள் கியாந்தி மலைப்பகுதியில் கிரேவே என்ற ஊர்ப் பக்கம் தங்க நினைக்கிறோம். வின் சாந்தோ என்ற இனிப்பு ஒயினைப் பரணில் வைத்துச் செய்வார்களாமே, அதை நேரில் பார்க்க முடியுமா? மனைவி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். அவருக்கு என்ன கிடைக்கும்?

மலைப்பண்ணை:
நல்ல வாரமாகப் பார்த்துத்தான் வருகிறீர்கள். பன்சானோவுக்குக் கீழே ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. வின் சாந்தோ இன்னும் அவர் பொறுப்புதான்.

ஒயின் கடையில் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சின்னப் பண்ணை ஏதாவதொன்றுக்கு முன்னாலேயே எழுதி, "வின்சாந்தாயா பார்க்கலாமா" என்று கேளுங்கள். அந்தப் பரண் அறைக்கு அதுதான் பெயர். நீங்கள் வரும்போது பழம் அப்போதுதான் மேலே ஏறியிருக்கும்.

பெரும்பாலும் ட்ரெபியானோ, மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சைகள்தான். மணிகள் நெருங்கிய குலையைப் பாட்டி தொடவே விடமாட்டார், உள்ளே பூசணம் பிடிக்கும். காற்று புகுந்து போகிற மாதிரி இடைவெளி உள்ள குலைதான் வேண்டும். அதை நாணல் தட்டியில் பரப்புவோம். சில வீடுகளில் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அப்புறம் மூடுபனி வந்தால் ஜன்னலைச் சாத்து, காற்றடித்தால் திற, கெட்ட மணியைக் கத்திரித்து எடு என்று பனிக்காலம் பாதி மாடிப்படியிலேயே போய்விடும். பிழியும்போது பழம் உலர்திராட்சை போலச் சுருங்கியிருக்கும். எங்கள் வீட்டில் நூறு கிலோ பழத்துக்கு முப்பது லிட்டருக்கு மேல் சாறு வந்து நான் பார்த்ததில்லை.

சாறு காரத்தெல்லோ என்ற சின்னப் பீப்பாய்க்குப் போகும். அடியில் பழைய ஒயினின் கசடு கொஞ்சம் இருக்கும். அதை 'மாத்ரே', தாய் என்கிறார்கள். நம் வீட்டு உறைமோர் மாதிரி. பீப்பாயில் கொஞ்சம் இடம் விட்டு, வாயைச் சிமெண்டால் அடைத்து, ஓட்டுக்கூரைக்கு அடியிலேயே விட்டுவிடுவார்கள். குறைந்தது 3 வருடம், எங்கள் வீட்டில் 6. வெயிலில் நொதிக்கும், குளிரில் அடங்கும், வெயில் வந்தால் மறுபடி கிளம்பும். பாதாள அறையில் வைத்தால் இந்த ருசி வராது என்று பாட்டி அடித்துச் சொல்வார்.

போன பிப்ரவரியில் மூன்று பீப்பாய் திறந்தோம். உளியால் சிமெண்டைத் தட்டும்போது யாரும் வாய் திறக்கவில்லை. முதல் பீப்பாய் வினிகர் ஆகிவிட்டிருந்தது. ஆறு வருட உழைப்பு. பாட்டி முகர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்கு நகர்ந்தார். இரண்டாவதைத் திறந்ததும் அக்ரூட், காய்ந்த ஆப்ரிகாட், தேன் எல்லாம் கலந்த வாசனை பரண் முழுக்கப் பரவியது. பாட்டி அப்போதுதான் உட்கார்ந்தார். மாத்ரே காய்ந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே புதுச் சாறு ஊற்றினோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சுட்ட ரொட்டித் துண்டில் பழுப்பாகத் துவையல் மாதிரி ஒன்று தடவிக் கொடுப்பார்கள். அது கோழி ஈரல், உங்கள் மனைவி தொட வேண்டாம். பாப்பா அல் பொமொதோரோ கேளுங்கள்: பழைய ரொட்டியைத் தக்காளி, பூண்டு, துளசி வகை இலையோடு குழைய வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது. சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸிலும் பெரும்பாலும் விலங்கின் இரைப்பையில் எடுத்த உறைபொருள்தான். ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் நாள் எனக்கும் பிடிக்கவில்லை. புது எண்ணெயும் உப்பும் தேய்த்துச் சாப்பிட்ட பிறகுதான் புரிந்தது.

அறுவடை நாட்களில் மட்டும் பேக்கரியில் கிடைக்கும் ஸ்கியாச்சாத்தா அல்'ஊவாவை விட்டுவிடாதீர்கள். ரொட்டி மாவுக்கு நடுவிலும் மேலும் ஒயின் திராட்சையைக் கொட்டிச் சுட்டது. விதை பல்லில் நறநறக்கும், சாறு விரலெல்லாம் ஊதாவாக்கும்.

சியேனாக்காரன்:
கிரேவேயில் சனிக்கிழமை காலை சந்தை உண்டு, முக்கோண வடிவச் சதுக்கத்தில். முடிந்தால் அன்றைக்குப் போங்கள். வண்டி ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். கியாந்திச் சாலை முழுக்க வளைவு.

கோவைப்பயணி:
மிக்க நன்றி. பாதாம் பிஸ்கட்டை அந்த ஒயினில் முக்கிச் சாப்பிடுவார்களாமே?

மலைப்பண்ணை:
ஆமாம், கந்தூச்சி. முட்டை உண்டு, வெண்ணெய் போடுவதில்லை, அதனால்தான் அவ்வளவு கடினம். எங்கள் பாட்டி முதல் கிளாஸில் முக்க விடமாட்டார். அதைச் சும்மா குடிக்க வேண்டும், இரண்டாவதில் முக்கலாம். பண்ணைக்கு எழுதும்போது உங்கள் மனைவி சைவம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், முந்தின நாளே பீன்ஸ் ஊறவைப்பார்கள்.