குரோமியத்துக்குச் சொன்ன விளக்கம் டங்ஸ்டனுக்குச் செல்லவில்லை, உதவுங்களேன்

மன்னார்குடி பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எலக்ட்ரான் நிரப்பும் பாடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

குரோமியத்தின் வெளி எலக்ட்ரான் அமைப்பு 3டி⁴ 4எஸ்² (3டி-யில் நான்கு, 4எஸ்-இல் இரண்டு எலக்ட்ரான்) ஆக இல்லாமல் 3டி⁵ 4எஸ்¹ ஆக இருக்கிறது. பத்து எலக்ட்ரான் கொள்ளும் டி சரிபாதி நிரம்பினால் பரிமாற்ற ஆற்றல் (ஒரே திசையில் சுழலும் எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள முடிவதால் கிடைக்கும் ஆற்றல் லாபம்) கூடும், அதனால் நிலைப்புத்தன்மை என்று வழக்கமான பல்லவியைப் பாடினேன். ஒரு பெண் தனிம அட்டவணையில் விரலை வைத்து அப்படியே கீழே இறக்கி, "அப்ப டங்ஸ்டன் மட்டும் ஏன் சார் 5டி⁴ 6எஸ்²?" என்றாள். மாலிப்டினம்கூட குரோமியம் மாதிரிதான். போதாக்குறைக்கு நியோபியம் 4டி⁴ 5எஸ்¹, அங்கே பாதியும் இல்லை, முழுசும் இல்லை!

என்+எல் விதி (என், எல் என்ற இரண்டு குவாண்டம் எண்களின் கூட்டுத்தொகை குறைந்த ஆர்பிட்டால் முதலில் நிரம்பும் என்பது) எது முதலில் என்ற வரிசையை மட்டும்தான் தருகிறது. பலகையில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, ஹுண்ட் விதிப்படி (எல்லாக் கட்டத்திலும் ஒவ்வொன்று போட்ட பிறகே ஜோடி சேர்ப்பது) நிரப்பி, ஒரே திசை அம்புகளின் பரிமாற்ற இணைகளை எண்ணிக் காட்டினேன், குரோமியத்தோடு சரி. கனமான அணுக்களில் எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுவதால் வரும் சார்பியல் விளைவால் 6எஸ் சுருங்கி ஆற்றல் இறங்குகிறது என்றேன். வகுப்பே முழித்தது. அதுவும் நியோபியத்துக்கு உதவாது.

காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்கணும். "விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணு" என்று சொல்ல மனசு வரவில்லை.

குரோமியம், டங்ஸ்டன், நியோபியம் மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி, குவாண்டம் கணக்கு இல்லாமல், பதினோராம் வகுப்புக்கு எப்படி விளக்குகிறீர்கள்?